ஒழுகாவிட்டால் ஓட்டை இல்லையா?

படவேட்டுக்காரர்களுக்குத் தலைமாற்றுக் கதையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பரசுராமன் தாயின் தலையை வெட்டியதும், திரும்ப உயிர் வந்தபோது தலையும் உடலும் மாறிப்போனதும், அந்தத் தாயை, ரேணுகாம்பாளை, படவேட்டில் சிரசாக வைத்து வணங்குவதும் அவர்கள் தாலாட்டோடு கேட்டு வளர்ந்தவை. அந்த ஊருக்குப் போகும் சாலையோரம், புளியமரத்து நிழலில் இருந்த ஒரு பட்டறையில் அப்படியொரு மாற்றுச் சிகிச்சையை நான் நேரில் பார்த்தேன். பழைய லேலண்ட் கோமெட் லாரி ஒன்றுக்கு ஹினோ என்ஜின் ஏறிக்கொண்டிருந்தது. புராணத்தில் ஒட்டவைக்க முனிவரின் வரம் இருந்தது. பட்டறையில் எம்-சீல் இருந்தது.

"என்ஜின் உக்காந்துக்கிச்சி சார். மவுண்டிங் அடிச்சாச்சி, கியர்பாக்ஸ் சேந்துக்கிச்சி. இனிமே இன்னா, டீசல் டியூப்தானே? ஒழுகாம இருந்தா போதும்" என்றார் வண்டிக்காரர். சுற்றி நின்ற நாலு பேரும் தலையாட்டினார்கள்.

அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. நாமக்கல்லிலிருந்து வேலூர் வரை எந்த லாரி ஸ்டாண்டிலும் அது வேதவாக்கு. மரையில் டேப் சுற்றி, கிளிப்பை இறுக்கி, கீழே அட்டையை விரித்து வைத்து மறுநாள் காலையில் பார்ப்பார்கள். அட்டையில் சொட்டு இல்லையென்றால் வேலை சுத்தம். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் உள்ள குழாய்க்கு இந்தப் பரீட்சை செல்லாது. அங்கே கசிவு வெளியே வராது. உள்ளே போகும்.

இதில் வேடிக்கை, தலையாட்டிய நாலு பேருமே வாழை விவசாயிகள். கிணற்று மேட்டில் வைத்த பம்புசெட் திடீரென்று தண்ணீர் எடுக்கவில்லை என்றால் அவர்கள் முதலில் எங்கே கை வைப்பார்கள்? உறிஞ்சுகுழாயில். ஊசி முனையளவு ஓட்டை போதும். அதிலிருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தாது, காற்றைத்தான் இழுக்கும், பம்பு வெறுமனே சுற்றும். மேலே சாணியையோ களிமண்ணையோ அப்பி, தண்ணீர் ஊற்றி மறுபடி ஓட்டுவார்கள். மின்மோட்டாருக்கு முந்தைய ஆயில் என்ஜின் காலத்திலிருந்தே கைவந்த அறிவு இது. கிணற்றடியில் இத்தனை தெளிவாக இருக்கிற ஆள், லாரியின் பானெட்டைத் திறந்ததும் 'ஒழுகலையே' என்கிறார். லாரியின் ஃபீட் பம்பும் உறிஞ்சுகிற பம்புதான். சேஸியில் தொங்கும் டேங்கிலிருந்து அது டீசலை மேலே இழுக்கும்போது குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. தளர்ந்த யூனியன் கிடைத்தால் காற்று சும்மா இருக்குமா?

அந்த லாரியில்தான் பிறகொரு பலாக்காய்ச் சீசனில் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறினேன். சமவெளியில் குதிரை மாதிரி ஓடிவந்தது. மலைச்சாலையில் ஏற ஏற மூச்சு வாங்கியது. ஒரு கொண்டை ஊசி வளைவில் கனைத்துவிட்டு நின்றது. டேங்கில் பாதி டீசல். டிரைவர் இறங்கி, ஃபில்டர் மேலிருந்த திருகைத் தளர்த்தி, ஹேண்ட் பிரைமரை அடித்தார். சோடா திறந்தாற்போல நுரைத்துக்கொண்டு வந்தது. பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பியது, அடுத்த வளைவில் மறுபடி நின்றது. "மலைன்னா இப்டித்தான் சார், காத்து புடிச்சிக்கும்" என்றார். மலையின்மேல் பழி.

மலை என்ன செய்தது? ஏற்றத்தில் வண்டியின் மூக்கு உயர்கிறது. முன்னால் இருக்கும் என்ஜின், பின்னால் இருக்கும் டேங்கைவிட இன்னும் மேலே போகிறது. ஃபீட் பம்பு கூடுதல் உயரத்துக்கு இழுக்க வேண்டும். அதே நேரத்தில் பாரத்தோடு ஏறும் என்ஜின் அதிக டீசல் கேட்கிறது. இரண்டும் சேர்ந்து குழாய்க்குள் உறிஞ்சல் கூடுகிறது. சமவெளியில் கண்ணுக்குத் தெரியாத அளவு காற்று வாங்கிய மூட்டு, இப்போது வாய் பிளந்து வாங்குகிறது. டேங்க் நிறைய இருந்தால் தொல்லை குறையும், பாதிக்குக் கீழே போனால் கூடும். ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் வெகுநேரம் செல்ஃப் அடித்தால்தான் எடுக்கும், ஏனென்றால் மூட்டு வழியாகக் காற்று புகுந்து லைனில் இருந்த டீசல் டேங்குக்கே இறங்கிவிட்டிருக்கும். இவற்றுக்கெல்லாம் நம்மூரில் டேங்க் கோளாறு, பேட்டரி கோளாறு, நாசில் கோளாறு என்று தனித்தனிப் பெயர் வைத்து, தனித்தனியாகச் செலவு செய்கிறார்கள். அட்டையில் மட்டும் சொட்டு இல்லை.

அந்த லாரியில் காற்று எங்கே புகுந்தது என்பதற்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் பிறந்து ஆஸ்டின் கார் பூட்டிய எண்ணூர்க் கம்பெனி, இங்கிலாந்தின் லேலண்ட் மோட்டார்ஸ் பங்காளியான பிறகு 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. ஆகவே அந்தக் காலத்து வண்டிகள் அங்குலக் கணக்கில் வளர்ந்தவை. 1980களில் ஜப்பானின் ஹினோவோடு கைகோத்து வந்த என்ஜின்கள் மில்லிமீட்டர்க் கணக்கு. ஒரே கம்பெனிதானே, ஒன்றுக்கொன்று சேரும் என்பது பாதி உண்மை. கால் அங்குல பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் குழாய் மரை) ஆண்மரையின் வெளிவிட்டம் 13.16 மி.மீ., ஒரு அங்குலத்துக்கு 19 புரி, புரியின் கோணம் 55 பாகை. மில்லிமீட்டர்க் கணக்கில் வந்த பெண்மரை 14 மி.மீ., புரிக்கு 1.5 மி.மீ., கோணம் 60 பாகை. முன்னதைப் பின்னதில் திருகினால் லொடலொடவென்று உள்ளே போகும். நாலு சுற்று டேப் போட்டால் 'டைட்'டாகவும் ஆகிவிடும். புரிகள் ஒன்றின்மேல் ஒன்று அரைகுறையாகத்தான் படிந்திருக்கும். லாரியின் அதிர்வில் இரண்டு மாதம் போனால் மரை கழன்றது யாருக்கு என்று கேட்கத் தோன்றும்.

டேப்பே இங்கே தப்பான ஊரிலிருந்து வந்த விருந்தாளி. வீட்டுக் குழாயில் கூம்பு மரை, மரையே தண்ணீரை அடைக்கும், டேப் அதற்குத் துணை. டீசல் லைனில் வரும் பாஞ்சோ போல்ட்டில் மரையின் வேலை பிடித்து இழுப்பது மட்டும். அடைப்பது தலைக்குக் கீழே இருக்கும் காப்பர் வாஷர். ஃப்ளேர் யூனியனில் அடைப்பது விரிந்த குழாயின் கூம்பு முகம். வாஷர் நசுங்கிக் கெட்டியாகியிருந்தால் மரையில் முழம் முழமாகச் சுற்றினாலும் பயனில்லை. டேப்பின் பிசிறு மட்டும் உள்ளே போகும். ஃபில்டருக்கு முன்னால் என்றால் வலையில் சிக்கும். ஃபில்டரைத் தாண்டிய இடம் என்றால் எஃப்.ஐ. (ஃப்யூல் இன்ஜெக்ஷன்) பம்புக்கும் நாசிலுக்கும் நேராகப் படையல். சுமார் 200 பார் அழுத்தத்தில் திறக்கும் நாசில் அது. அதன் ஊசிக்கும் உறைக்கும் நடுவே தலைமுடிகூட நுழையாது.

குழாயைப் பற்றியும் கொஞ்சம். மேஸ்திரிகள் மட்டம் பார்க்கிற லெவல் டியூபை டீசல் லைனாகப் போட்டு ஓடும் வண்டிகளை நான் எண்ணி அலுத்துவிட்டேன். டீசல் அதன் மென்மையைக் கரைத்து எடுத்துவிடும், சில மாதங்களில் குச்சியாக விறைத்து, கிளிப் பிடித்த இடத்தில் வெடிக்கும். ரேடியேட்டர் ஹோஸ் நேர்மாறு, டீசலில் ஊறிப் பருத்துவிடும். ஜி.ஐ. பைப் வேண்டவே வேண்டாம், துத்தநாகம் டீசலோடு சேர்ந்து சோப்புபோல ஒன்றாகி ஃபில்டரை அடைக்கும். விட்டத்திலும் தாராளம் வேண்டும். 10 மி.மீ. உள்விட்டத்துக்குப் பதில் 8 மி.மீ. போட்டால் கொஞ்சம்தானே குறைவு என்று தோன்றும். அதே அளவு டீசலை இழுக்கத் தடை ஏறக்குறைய இரண்டரை மடங்கு.

ரிட்டர்ன் லைனைத்தான் நம் ஆட்கள் மிகக் கேவலமாக நடத்துகிறார்கள். மலையடிவாரத்தில் ஒரு காலத்தில் பெட்ரோல் ஜீப்புகளுக்கு மெட்டடார் டீசல் என்ஜின் ஏற்றியவர்களிடம் கேட்டுப்பாருங்கள். கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் வண்டியில் டேங்கிலிருந்து போகும் வழிதான் உண்டு, திரும்பும் வழி இல்லை. டீசல் என்ஜினில் நாசிலிலும் பம்பிலும் மிஞ்சியது திரும்பியாக வேண்டும். டேங்கை இறக்கி ஒரு நிப்பிள் வைக்கச் சோம்பல்பட்டு, போகும் லைனிலேயே ஒரு 'டி' போட்டுச் சேர்த்துவிடுவார்கள். மிச்ச டீசலோடு வரும் காற்றுக் குமிழும் சூடும் டேங்கில் போய் ஆறாமல் மறுபடி பம்புக்கே வந்து சேரும். எச்சிலையை எடுத்து மறு பந்திக்குப் போடுவது மாதிரி.

எதிர்வாதம் தெரியும். எங்க அப்பா காலத்திலிருந்து இப்படித்தானே ஓடுது? ஓடியது, சரி. அந்தத் தலைமுறை மெக்கானிக் செம்புக் குழாயைச் சூடுகாட்டிப் பதமாக்கி, தானே ஃப்ளேர் அடித்து, அதிர்வு தாங்க நடுவில் ஒரு சுருள் விட்டுப் போடுவார். பழைய இன்லைன் பம்பும் கொஞ்சம் காற்றைப் பொறுத்துக்கொண்டது. இன்று ஏற்றப்படுகிற காமன் ரெயில் என்ஜின்கள் 1,600 பாரில் வேலை செய்பவை, அப்பாவின் தழும்பேறிய பொறுமை அவற்றுக்குக் கிடையாது. டீசல் தீப்பிடிக்காது என்ற இன்னொரு பேச்சும் கூடவே வரும். நம் நாட்டுத் தரப்படி டீசலின் ஃப்ளாஷ் பாயின்ட் (தீப்பொறி பட்டால் ஆவி பற்றும் வெப்பநிலை) 35 பாகைக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். வேலூர்ப் பக்கத்து மே மாத நிழலே அதைத் தாண்டும். பம்புக்குப் பிந்தைய அழுத்தக் குழாய் விரிசல்விட்டு டர்போமீது மூடுபனியாகத் தெளித்தால் தீக்குச்சியே வேண்டாம்.

சட்டத்தைச் சொன்னால் சிரிப்பார்கள், இருந்தாலும் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, என்ஜின் மாற்றப் பதிவு அலுவலரின் ஒப்புதல் கேட்கிறது. பத்துக்குக் குறையாமல் வண்டி வைத்திருப்பவருக்கு, மாநில அரசு அறிவித்தால், அதே கம்பெனி அதே வகை என்ஜினுக்கு மட்டும் முன்பு விலக்கு இருந்தது. ஒற்றை லாரிக்காரருக்கு அது அப்போதும் இல்லை. ஆனால் ஆர்.டி.ஓ. ஆபீசில் சேஸி நம்பரையும் என்ஜின் நம்பரையும் தேய்த்துப் பார்ப்பார்களே தவிர, யூனியனைத் திருகிப் பார்த்ததாக நான் கண்டதில்லை.

பட்டறைக்காரரைத் திட்டி இதை முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. என்ஜினுக்கு லட்சத்தில் கொடுத்துவிட்டு, அடாப்டரும் நைட்ரைல் ஹோஸும் புது வாஷரும் என்று ஒரு சின்னச் சீட்டு நீட்டினால் "இதெல்லாம் எதுக்கு" என்று பேரம் பேசுவது வண்டி முதலாளி. சரியான அடாப்டரை லேத்தில் கடைய அரை நாள் ஆகும். அந்த அரை நாளுக்குக் கூலி கொடுக்க யாருக்கும் கை வராது.

அந்தக் கோமெட்டில் கடைசியில் குறை கண்டது ஒரு இளம் மெக்கானிக். ஃபில்டருக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடி டியூபைச் செருகி, என்ஜினை முடுக்கச் சொன்னார். பாசி மணி கோத்தாற்போலக் குமிழ்கள் ஓடின. ஒவ்வொரு மூட்டாகக் கிரீஸ் தடவிக்கொண்டே வந்தார். டேங்க் தலையில் இருந்த யூனியனில் தடவியதும் குமிழ் நின்றது. கீழே அன்றைக்கும் அட்டை உலர்ந்துதான் கிடந்தது. "யூனியனை மாத்திடலாண்ணே, அடாப்டர் ஒன்னு கடையணும், சாயங்காலம் ஆவும்" என்றார். "லோடு நிக்குதுடா தம்பி, கிரீஸோடவே இருக்கட்டும், வந்து பாத்துக்கலாம்" என்று டிரைவர் ஏறி உட்கார்ந்தார்.

போன ஆடி வெள்ளிக்குப் படவேடு போனபோது கோயில் வாசலில் அதே லாரி பூஜைக்கு நின்றிருந்தது. நாலு டயருக்கும் எலுமிச்சை வைத்திருந்தார்கள். டேஷ்போர்டில் அம்மன் படத்துக்குக் கீழே, கைக்கு எட்டும் இடத்தில், குங்குமம் வைத்த 17ஆம் நம்பர் ஸ்பேனர்.