ஜெராக்ஸ் கடையும் எங்கள் நூலகம்தான்

நகலெடுத்துப் படிப்பது திருட்டு என்று சொல்பவர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: புத்தகம் இதுவரை யார் வீட்டில் இருந்தது?

படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு அண்ணனின் நோட்ஸ், மாமா வாங்கிவைத்த அகராதி, அப்பாவுக்குத் தெரிந்த பேராசிரியர் என எல்லாம் நிலத்தைப் போலவே பரம்பரையாகக் கைமாறுகிறது. சேரியிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போனவர்களுக்கு அந்த அலமாரி கிடையாது. நூலகத்தில் ஒன்றோ இரண்டோ பிரதி இருக்கும். அதையும் வெளியே தரமாட்டார்கள். வகுப்புத் தோழர் தன் நோட்ஸை யாருக்குக் கொடுப்பார் என்பதிலும் சாதி இருந்தது. உதவித்தொகை கைக்கு வருவதற்குள் தேர்வே முடிந்துவிடும்.

இந்த இடைவெளியைத்தான் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடை நிரப்பியது. ஓர் இரவுக்கு இரவல் வாங்கிய புத்தகம், ஐந்து பேர் போட்ட சில்லறை, தேவையான இரண்டு அத்தியாயம், ஒரு ஸ்பைரல் பைண்டிங். அடுத்த ஆண்டு அது விடுதி ஜூனியரிடம் போகும். ஆங்கில வரிகளுக்கு மேலே பென்சிலால் எழுதிய தமிழ் அர்த்தங்களும் சேர்ந்தே போகும். கல்வியில் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த முதல் பரம்பரைச் சொத்து அந்த மங்கலான தாள்கள்தான்.

இதையும் தடுக்கப் பார்த்தார்கள். 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள், டெல்லி பொருளாதாரப் பள்ளி வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி நகல் கடைமீதும் டெல்லிப் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குப் போட்டன. பாடத்திட்டத்துக்கான பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்து விற்றதுதான் குற்றம். மாணவர்கள் சங்கம் அமைத்து வழக்கில் தங்களையும் இணைத்துக்கொண்டார்கள். அமர்த்தியா சென்னே பதிப்பகத்துக்கு எதிர்ப்பைத் தெரிவித்துக் கடிதம் எழுதினார்.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை தெய்வீக உரிமையுமல்ல, இயற்கை உரிமையுமல்ல என்றார். தம் காலத்தில் சட்ட மாணவர்கள் நூலகத்தில் முறைவைத்து உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதியதை நினைவூட்டினார். கை செய்ததை இயந்திரம் செய்தால் மட்டும் எப்படிக் குற்றமாகும்? அதே ஆண்டு டிசம்பரில் டிவிஷன் பெஞ்சும், கற்பித்தலுக்கு நகலெடுக்க 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(i) பிரிவு அனுமதிக்கிறது என்பதை ஏற்றது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

எழுத்தாளரின் பிழைப்பு என்னாவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தலித் எழுத்தை வெளியிடும் சிறு பதிப்பகத்தின் புத்தகத்தை முழுதாக நகலெடுக்காதீர்கள், வாங்குங்கள் என்றே நாங்களும் சொல்கிறோம். ஆனால் ஐயாயிரம் ரூபாய்ப் புத்தகத்தில் முப்பது பக்கத்தை நகலெடுக்கும் மாணவி, நகல் இல்லாவிட்டால் அதை வாங்கியிருக்கப் போவதில்லை. படிக்காமல் இருந்திருப்பாள்.

இப்போது எல்லாம் செல்போனில் கிடைக்கிறது என்கிறார்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களைத் திறந்துவிட்டது. நல்லது. ஆனால் அது பாடநூலுக்கு அல்ல. சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் அதற்கும் வெளியேதான் நிற்கிறார்கள். பூட்டு காகிதத்திலிருந்து திரைக்கு மாறியிருக்கிறது. சாவி பழைய கைகளில்தான் இருக்கிறது.

தமிழக அரசு விடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் வைத்திருக்கிறது. அந்தப் பெயருக்கு ஏற்ப ஒவ்வொரு கல்லூரி விடுதியிலும் ஒரு நகல் இயந்திரமும் வேண்டிய தாளும் வையுங்கள். பேராசிரியர்களே, சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. உங்கள் பாடத்துக்கான பகுதிகளைத் தொகுத்துக் கொடுங்கள். செலவு பெரிதல்ல. மனம்தான் வேண்டும்.