பார்க்காமல் பழித்தவருக்கு

நாஜி வதைமுகாமிலிருந்து பிழைத்த தந்தையின் நினைவுகளை ஆர்ட் ஸ்பீகல்மன் படக்கதையாக வரைந்த ‘மௌஸ்’ நூலைக் கண்டித்து எழுதியிருக்கும் விமர்சகர், முதல் பத்தியில் அதைச் சிறுபிள்ளைகளுக்கான பொம்மைப் புத்தகம் என்கிறார். கடைசிப் பத்தியில் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணிலேயே அது படக்கூடாது என்கிறார். பிள்ளைகளுக்குத்தான் லாயக்கு என்று தள்ளுவதும் பிள்ளைகளுக்கு ஆகாது என்று தடுப்பதும் ஒரே கட்டுரையில் எப்படிக் குடியிருக்கும்? 2022 ஜனவரியில் டென்னசியின் மெக்மின் கவுண்டி பள்ளி வாரியம் இந்நூலைப் பாடத்திலிருந்து நீக்கியபோது வசைச் சொற்களையும் நிர்வாணத்தையும் காரணம் காட்டியது. அந்த ‘நிர்வாணம்’, தற்கொலை செய்துகொண்டு குளியல் தொட்டியில் கிடக்கும் ஓவியரின் தாய். இதையா ஒழுக்கக்கேடு என்கிறீர்கள்?

அடுத்த குற்றச்சாட்டு, யூதர்களை எலிகளாக வரைந்ததால் ஸ்பீகல்மன் நாஜிகளின் இழிசொல்லையே வழிமொழிகிறார் என்பது. முதல் தொகுதியின் வாசலிலேயே, யூதர்கள் மனிதரல்லர் என்ற ஹிட்லரின் கூற்று நிறுத்தப்பட்டிருப்பதை நூலைத் திறந்த எவரும் கண்டிருப்பர். பஞ்சதந்திரத்து நரிக்கு நரியின் சூது உண்டு. ஸ்பீகல்மனின் எலிகளுக்கோ எலிக்குணம் எதுவுமே இல்லை, இருப்பதெல்லாம் அதிகாரம் ஒட்டிவிட்ட முகம். தந்தை விளாடெக் போலந்துக்காரராக வேடமிட்டுத் தப்பும்போது பன்றி முகமூடியைக் கயிற்றால் கட்டிக்கொள்கிறார். தான் ஜெர்மானியன் என்று கதறும் ஆஷ்விட்ஸ் கைதி ஒரு சட்டகத்தில் எலி, இன்னொன்றில் ஜெர்மானியருக்குரிய பூனை. இரண்டாம் தொகுதியில் ஓவியரே எலி முகமூடியுடன் மேசைமுன் உட்கார்ந்திருக்க, காலடியில் பிணங்கள் குவிந்து கிடக்கின்றன. இனம் என்ற கற்பிதத்தை அதன் கயிறு தெரியும்படி வரைந்து காட்டியவனை இனவாதத்துக்குத் துணைபோனவன் என்பது வாசிப்புப் பிழைகூட அல்ல, வாசிக்க மறுத்த பிடிவாதம்.

வரையத் தெரியாதவரின் கிறுக்கல் என்கிறாரே, அதற்கு நீண்ட பதில் தேவையில்லை. தாயின் மரணத்தைப் பற்றி ஸ்பீகல்மன் முன்பே வரைந்த, மரச்செதுக்குப் போலக் கறுத்து இறுகிய படக்கதை முதல் தொகுதிக்குள் முழுதாக இருக்கிறது. அந்தக் கை வேண்டுமென்றேதான் ‘மௌஸ்’ பக்கங்களை ஃபவுண்டன் பேனாவால், அச்சாகும் அளவிலேயே, கையெழுத்தின் நடுக்கத்தோடு வரைந்தது. போக்கிடமற்ற விளாடெக்கும் தாய் ஆன்யாவும் நடக்கும் பாதையே ஸ்வஸ்திகாவாக விரிகிற சட்டகத்தைத் தாண்டிப்போன கண்ணுக்கு எந்தக் கோடு நேர்த்தியாகத் தெரியும்?

ஒரு கிழவரின் நினைவு வரலாறாகாது என்ற வாதத்தை மட்டும் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும், ஏனெனில் அதில்தான் விமர்சகருக்குப் பெருமிதம் அதிகம். ஆஷ்விட்ஸில் கைதிகளின் இசைக்குழு வாசித்ததற்கு ஆவணச் சான்று உண்டு என்கிறான் மகன். அணிவகுப்புதான் நினைவிருக்கிறது, வாத்தியம் எதுவும் இல்லை என்கிறார் தந்தை. ஸ்பீகல்மன் முதலில் இசைக்குழுவை வரைகிறார். தந்தை மறுத்தபின் வரும் சட்டகத்தில் நடக்கும் கைதிகளின் வரிசை அதை மறைத்துவிடுகிறது, தலைகளுக்கு மேலே வாத்திய நுனிகள் மட்டும் துருத்தி நிற்கின்றன. ஆவணம் அழியவில்லை, சாட்சியும் பொய்யாக்கப்படவில்லை. இரண்டுக்கும் இடையிலான மோதலை ஒரே பார்வையில் வைக்க உரைநடைக்கு எத்தனை அடிக்குறிப்பு வேண்டியிருக்கும்? நியூயார்க் டைம்ஸ் இரண்டாம் தொகுதியைப் புனைவுப் பட்டியலில் போட்டபோது ஸ்பீகல்மன் கடிதம் எழுதி ஆட்சேபித்தார். பத்திரிகை அதைப் புனைவல்லாத பட்டியலுக்கு மாற்றியது. 1992இல் புலிட்சர் குழு சிறப்பு விருது அளித்தது. முப்பதாண்டுக்கு முன் தீர்ந்த வழக்கைத் தூசி தட்டி எடுத்துவந்து புதுச் சிந்தனை என்று நீட்டுவது யாரை ஏமாற்ற?

கடைசியில் உண்மையான மனக்குறை வெளியே வருகிறது: தந்தையைக் கஞ்சராகவும் நிறவெறியராகவும் காட்டிப் பலியானவர்களை இழிவுபடுத்திவிட்டாராம். விமர்சகர் இரங்க விரும்புவது மனிதர்களுக்கல்ல, மாலை போட்ட படங்களுக்கு. ஆன்யாவின் நாட்குறிப்புகளை விளாடெக் எரித்துவிட்டதை அறிந்ததும், தந்தையைக் கொலைகாரன் என்று மகன் சொல்வதோடுதான் முதல் தொகுதி முடிகிறது. ஒளித்துவைக்க நினைப்பவன் அங்கேயா முடிப்பான்? கறுப்பின வழிப்போக்கர் ஒருவரைக் காரில் ஏற்றியதற்கு விளாடெக் கொதிக்கும்போது, நாஜிகள் யூதர்களைப் பேசியதுபோலப் பேசுகிறீர்களே என்று மருமகள் ஃபிரான்ஸ்வாஸ் முகத்துக்கு நேரே கேட்கிறாள். விமர்சகர் தம் கண்டுபிடிப்பாக முன்வைக்கும் கேள்வி 1991இலேயே அந்தப் பக்கத்தில் அச்சாகிவிட்டது.