பூக்காத செடிக்கும் குளத்தில் பங்குண்டு

நீர்த் தாவரங்கள் சிலவற்றின் பெயரைச் சொல்லுங்கள் என்று எந்த வகுப்பில் கேட்டாலும் வரும் விடை ஏறத்தாழ ஒன்றுதான். தாமரை, அல்லி, நீலோற்பலம் என்று தொடங்கும். சற்று யோசித்தால் ஆகாயத்தாமரையும் சல்வீனியாவும் வரும். விஞ்ஞானப் பாடத்தை மறக்காதவர்கள் ஐதரில்லாவையும் சேர்த்துக்கொள்வார்கள். இந்தப் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் நமது அளவுகோல் என்னவென்று தெரிந்துவிடும். ஒரு செடி அழகாகப் பூக்க வேண்டும். இல்லையேல் தொல்லை கொடுக்க வேண்டும். அதுவும் இல்லையேல் பரீட்சையில் வர வேண்டும். இம்மூன்றிலும் சேராத செடி நம் கண்ணெதிரே வளர்ந்தாலும் நமக்கு அது வெறும் புல். அப்படி ‘வெறும் புல்’ என்று ஒதுக்கப்பட்ட ஒரு செடிக்காக வாதாடவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் அதன் பெயர் குயில்வோர்ட். இங்கே ‘குயில்’ என்பது பாடும் பறவையல்ல. பறவை இறகின் தண்டைச் சீவி, மையில் தோய்த்து எழுதினார்களே, அந்தப் பழைய எழுதுகோலுக்கு ஆங்கிலத்தில் அப்பெயர். ‘வோர்ட்’ என்பது பூண்டைக் குறிக்கும் பழஞ்சொல். இறகுத் தண்டைப் போல உள்ளே வெறுமையான, நுனி கூரிய இலைகள் அடியிலிருந்து ஒரு கற்றையாகக் கிளம்பி நிற்பதால் இப்பெயர் வந்தது. விஞ்ஞானப் பெயர் ஐசோயிட்டீஸ். இந்தப் பேரினத்தில் ஏறத்தாழ இருநூறு இனங்கள் உலகெங்கும் உள்ளன. தமிழில் இதற்கு வழக்கமான பெயரொன்று என் கண்ணில் படவில்லை. இறகையும் எழுதுகோலையும் ஒருங்கே குறிக்கும் ‘தூவல்’ என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. ஆகவே ‘தூவற்பூண்டு’ என்று அழைக்கலாம் என்பது என் யோசனை. இக்கட்டுரையில் அப்படியே எழுதுகிறேன்.

தூவற்பூண்டு பூப்பதில்லை, காய்ப்பதில்லை, விதை தருவதுமில்லை. ஒவ்வோர் இலையின் அடிப்பகுதியும் வெண்ணிறமாக அகன்று பருத்திருக்கும். அதன் உட்புறத்தில் வித்திகள் உண்டாகின்றன. சில இலைகளில் உப்புத்தூள் அளவிலான மாவித்திகள், மற்றவற்றில் தூசியைப் போன்ற நுண்வித்திகள். உயர்தர உயிரியலில் செலாஜினெல்லாவின் வாழ்க்கை வட்டத்தைப் படித்த மாணவிகளுக்கு இது புதிதாக இராது. தூவற்பூண்டு செலாஜினெல்லாவின் உறவுதான்.

இந்த உறவைக் கவனித்தால் நீர்த் தாவரங்களுக்கிடையே இதன் இடம் எவ்வளவு தனியானது என்பது விளங்கும். தாமரையும் அல்லியும் ஐதரில்லாவும் ஆகாயத்தாமரையும் பூக்கும் தாவரங்கள். அவற்றின் மூதாதையர் தரையில் வாழ்ந்து பின்னர் நீருக்குத் திரும்பியவர்கள். சல்வீனியா, அசோலா, நாம் கீரையாக உண்ணும் ஆரை ஆகியவை பன்னங்கள். அவை வேறொரு வாசலால் நீருக்குள் வந்தவை. மூன்றாவது வாசல் ஒன்று உண்டு. அது பூக்கும் தாவரங்களும் பன்னங்களும் சேர்ந்த பெருங்கிளையிலிருந்து நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன லைக்கோபைற்றாக் கிளையின் வாசல். அவ்வழியே வந்து இன்றும் நீரில் வேரூன்றி நிற்பவை தூவற்பூண்டுகள். அவற்றை விட்டுவிட்டுப் போடப்படும் பட்டியல், ஒரு குடும்பத்தின் மூத்த கிளையையே விட்டுவிட்டு எழுதிய வமிசாவளிதான்.

அந்த மூத்த கிளை ஒரு காலத்தில் வானளாவ நின்றது. சுமார் முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் இருக்கும் இடங்களில் பரந்திருந்த சதுப்புக் காடுகளில் லெப்பிடோடெந்திரன் எனும் மரங்கள் முப்பது மீற்றருக்கும் மேலாக வளர்ந்தன. அவை வீழ்ந்து புதைந்து நிலக்கரியாயின. பிரித்தானியாவின் நீராவி இயந்திரங்களை ஓட்டியது அந்தக் கரி. அந்தப் பெருமரங்களுக்கு இன்று உயிரோடுள்ள மிக நெருங்கிய உறவு, நம் முழங்காலளவுகூட வராத தூவற்பூண்டு! மரங்கள் மறைந்தன, சின்னஞ்சிறியது நிலைத்தது. உருவத்தில் பெரியதே வலியது என்று நினைக்கும் எவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

அது நிலைத்ததற்கு அதன் மூச்சுவிடும் முறையும் ஒரு காரணம். தரையிலுள்ள செடி காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை எளிதில் பெற்றுக்கொள்கிறது. நீரிலோ அவ்வாயு காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவும். ஆழமற்ற ஒரு குட்டையில் காலையில் வெயில் ஏறியதும் எல்லாச் செடிகளும் பாசிகளும் ஒளித்தொகுப்பில் இறங்க, சில மணி நேரத்தில் நீரிலுள்ள காபனீரொட்சைட்டு தீர்ந்துவிடுகிறது. இரவில் எல்லா உயிர்களும் சுவாசித்து வெளிவிட, அது மறுபடி சேர்கிறது. தூவற்பூண்டு இந்தக் கணக்கைப் பயன்படுத்துகிறது. மற்றவை ஓய்ந்திருக்கும் இரவில் வாயுவை உள்ளெடுத்து அமிலமாகச் சேமித்து, பகலில் வெளிச்சம் வந்ததும் அதை எடுத்துச் செலவழிக்கிறது.

அன்னாசியும் கள்ளிச்செடிகளும் இதே முறையைக் கையாள்வதைச் சீஏஎம் தாவரங்கள் என்ற தலைப்பில் படித்திருப்பீர்கள். அவை நீரைச் சிக்கனப்படுத்துவதற்காக அப்படிச் செய்கின்றன. நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் செடிக்கு அந்தத் தேவை இல்லையே என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். கலிபோர்னியாவின் மழைக்காலக் குட்டைகளில் வளரும் ஒரு தூவற்பூண்டை ஆராய்ந்த ஜோன் கீலி என்பவர், பாலைவனச் செடியின் வித்தை நீருக்குள்ளும் நடக்கிறது என்று 1981 இல் எழுதினார். தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலையில் நாலாயிரம் மீற்றருக்கு மேல் வாழும் மற்றோர் இனம் இன்னும் விந்தையானது. அதன் இலைகளில் இலைவாய்களே இல்லை. தனக்கு வேண்டிய காபனீரொட்சைட்டை அது வேர் வழியே மண்ணிலிருந்து பெறுகிறது. இது 1984 இல் வெளியான கண்டுபிடிப்பு.

நமக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. ஐசோயிட்டீஸ் கோரமண்டலினா என்ற இனம் இந்தியாவிலும் நமது இலங்கையிலும் இயற்கையாகவே வாழ்கிறது. கோரமண்டல் என்பது சோழமண்டலம் என்ற சொல் ஐரோப்பியர் நாவில் திரிந்த வடிவம். தமிழ்க் கரையின் பெயரைத் தாங்கிய இச்செடியைத் தமிழ் பேசும் நாம் அறியாதிருப்பது வேடிக்கைதான்.

மாரியில் நிறைந்து கோடையில் வற்றும் குட்டைகள், பள்ளங்கள், வயலோரங்கள் போன்ற இடங்களே இதன் வீடு. மழை பெய்ததும் மண்ணுக்குள் உறங்கிய கிழங்கு போன்ற தண்டிலிருந்து இலைகள் எழுகின்றன. நீர் வற்றியதும் இலைகள் மடிந்து அழுக, வித்திகள் சேற்றில் கலக்கின்றன. தண்டு மீண்டும் உறங்குகிறது. ‘ஐசோயிட்டீஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பது என்பது பொருள். வடதிசை ஏரிகளில் என்றும் பசுமையாக இருந்த இனத்தைக் கண்டு வைத்த பெயர் அது. நம் மண்ணின் தூவற்பூண்டு ஆண்டில் பாதியே கண்ணுக்குத் தெரியும். பாதி நாள் இல்லாதது போல் இருந்து வாழ்வதே அதன் திறமை.

இங்கேதான் என் கவலை தொடங்குகிறது. ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் குளத்துக்கு நம்மிடம் மரியாதை உண்டு. கோடையில் வற்றிவிடும் பள்ளத்தை ‘சும்மா கிடக்கும் காணி’ என்கிறோம். குப்பை கொட்டவும், மண்ணிட்டு நிரப்பவும், மதில் எழுப்பவும் அதுதான் முதலில் அகப்படுகிறது. வற்றிய நாளில் பார்ப்பவருக்கு அங்கே அழிக்க எதுவும் இருப்பதாகத் தெரியாது. ஆனால் அந்த வெடித்த சேற்றுக்குள் தண்டுகளும் வித்திகளும் அடுத்த மழைக்காகக் காத்திருக்கின்றன. ஒரு லொறி மண் போதும், அந்தக் காத்திருப்பை முடித்துவைக்க.

உலகின் பிற இடங்களிலும் தூவற்பூண்டுகளின் கதை நன்றாக இல்லை. வட ஐரோப்பாவின் தெளிந்த ஏரிகளில் வாழும் இனங்கள், சத்துக் குறைந்த தூய நீரையே விரும்புபவை. வயல்களில் இடும் பசளையும் கழிவுநீரும் ஏரியில் சேரும்போது பாசி பெருகுகிறது, நீர் கலங்குகிறது, அடியில் நிற்கும் இச்செடிக்கு வெளிச்சம் கிடைக்காமல் போகிறது. வட இத்தாலியில் நெல்வயல்களுக்கு நீர் கொண்டுசெல்லும் வாய்க்கால்களில் மட்டுமே வாழும் ஓர் இனம், நீர் மாசடைவதாலும் இயந்திரங்களைக் கொண்டு வாய்க்காலைச் சுரண்டுவதாலும் அழிவின் விளிம்பில் நிற்கிறது. வாய்க்காலும் நெல்வயலும் பசளையும் நமக்கு அந்நியமானவையல்ல.

நம் நாட்டின் அனுபவத்தையும் எண்ணிப் பாருங்கள். ஆகாயத்தாமரை சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. அது பரவிய வேகத்தைக் கண்டு 1909 இலேயே அதற்கெதிராகத் தனியாக ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. சல்வீனியா 1939 இல் தாவரவியல் படிப்புக்கென வந்து, பின்னர் குளங்களையும் வயல்களையும் மூடியது. அழைத்து வந்த விருந்தாளிகளின் பெயர் நமக்கு மனப்பாடம். வீட்டுக்காரரின் பெயரோ தெரியாது! இந்த அறியாமை சிறிய விடயமல்ல. பெயர் தெரியாத ஒன்று காணாமற் போனால், காணாமற் போனது என்றுகூட யாருக்கும் தெரியாது.

“சரி, இதைப் படித்து என்ன பிரயோசனம்? பரீட்சைக்கு வருமா? மருந்துக்கு ஆகுமா?” என்று சில பெற்றோர் கேட்பார்கள். பிள்ளையின் நேரத்தின் மீது அவர்களுக்குள்ள அக்கறையின் கேள்வி அது; மதிக்க வேண்டியதுதான். பயனைச் சொல்லியே பதில் தரலாம். தாய்வானில் ஒரு மலைக்குட்டையில் மட்டும் வாழும் தூவற்பூண்டின் மரபணுத் தொகுதியை விஞ்ஞானிகள் முழுமையாக வாசித்து 2021 இல் வெளியிட்டார்கள். இரவில் வாயுவைச் சேமிக்கும் அதன் முறை தரைச் செடிகளின் முறையிலிருந்து சில விதங்களில் வேறுபட்டிருக்கிறது. குறைந்த நீரில் விளையும் பயிரை உருவாக்க விரும்புபவர்களுக்கு இத்தகைய அறிவு தேவை. அதேபோல, தூவற்பூண்டுக்கு வீடாகும் தாழ்நிலம் வெள்ளநீரையும் தாங்கிக்கொள்கிறது. சர்வதேச ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் 2018 இல் கொழும்புக்குக் கிடைத்தது அதன் சதுப்பு நிலங்களால்தான்.

ஆனால் பயனை மட்டும் வைத்து வாதாட எனக்கு மனமில்லை. பயன் தெரிந்த பிறகுதான் ஒன்றை மதிப்போம் என்றால், அது படைத்தவனின் கணக்கை நமது கணக்குக்குள் அடக்கப் பார்ப்பதாகும். அல்லாஹ் வீணாக எதையும் படைக்கவில்லை என்று நம்புகிறோம். பூமியும் அதிலுள்ளவையும் நம் கையில் தரப்பட்ட அமானிதம் என்கிறோம். அமானிதமாகப் பெற்ற பொருள்களின் பட்டியலையே வாசிக்காமல் அதை எப்படிப் பாதுகாப்பது? ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூ ஹனீபா அத்தீனவரீ, தாவரங்களைப் பற்றி ‘கிதாபுந் நபாத்’ என்ற பெருநூலை எழுதினார். பாலைவன மக்கள் அறிந்திருந்த செடிகளின் பெயர்களும் இயல்புகளும் அதில் இடம்பெற்றன. பெயர்களைச் சேர்ப்பதும் ஓர் அறிவுப் பணியே என்று நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். திருக்குர்ஆனின் 68ஆவது அத்தியாயத்தின் பெயரே ‘அல் கலம்’, எழுதுகோல். எழுதுகோலைச் சிறப்பித்த மார்க்கத்தின் பிள்ளைகள், எழுதுகோலின் பெயர் கொண்ட ஒரு செடியை அறிந்திருப்பது பொருத்தம் தானே?

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். மழைக்காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை, ஒரே குட்டையை ஓர் ஆசிரியையோடு சென்று பாருங்கள். கண்ட செடிகளை வரைந்து, ஊரிலுள்ள மூத்தவர்கள் அவற்றுக்குச் சொல்லும் பெயரையும் எழுதுங்கள். புல்லைப் போன்ற ஒரு கற்றையைக் கண்டால் பிடுங்காதீர்கள். ஓர் இலையை மட்டும் எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே நான்கு காற்றறைகள் தெரிந்து, இலையின் அடி வெண்ணிறமாகப் பருத்திருந்தால் நீங்கள் பார்ப்பது தூவற்பூண்டாக இருக்கலாம். அதை உயிரியல் ஆசிரியையிடம் காட்டி உறுதிசெய்யுங்கள். அது கிடைக்காவிட்டாலும் நட்டமில்லை. அந்தக் குட்டையின் பட்டியல் உங்கள் கையில் இருக்கும். ஆண்டுதோறும் அதைத் தொடர்ந்தால் பாடசாலை நூலகத்தில் வேறெங்கும் கிடைக்காத ஒரு புத்தகம் சேரும்.

பெற்றோரிடம் ஒரேயொரு வேண்டுகோள். காணியின் மூலையில் மழைநீர் தேங்கும் பள்ளமொன்று இருந்தால், அதை நிரப்ப லொறிக்குச் சொல்லுமுன் ஒரு மாரிகாலம் பொறுங்கள். நுளம்பு பெருகும் தகரங்களையும் சிரட்டைகளையும் அகற்றுங்கள், அது அவசியம். பள்ளத்தில் என்ன முளைக்கிறது என்று பார்க்கச் சொல்லி உங்கள் மகளை அனுப்புங்கள். அவள் கேட்கும் கேள்விகளுக்குப் பிறகும் அதை நிரப்பத்தான் வேண்டுமா என்று அப்போது முடிவு செய்யலாம்.