கரையை அழிப்பவர் யார்?

இலங்கையின் கரையோரம் பற்றிய விவாதங்களிலே 'சமநிலை' என்னும் சொல் அடிக்கடி கையாளப்படுகின்றது. இயற்கையும் பேணப்பட வேண்டும், பொருளாதாரமும் வளர வேண்டும் என்பர். இவ்விரண்டுக்கும் குறுக்கே நிற்பவர்கள் கடலோரத்து ஏழை மக்களே என்பது இச்சொல்லைக் கையாளுவோர் பலரின் சொல்லப்படாத முடிபாகும்.

இம்முடிபில் ஓரளவு உண்மை உண்டென்பதை மறுப்பதற்கில்லை. தென்மேற்குக் கரையில் முருகைக்கற்களை அகழ்ந்து சுண்ணாம்பு சுட்டதன் விளைவை 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை காட்டிற்று. 1979ஆம் ஆண்டிலேயே சரணாலயமாக்கப்பட்ட ஹிக்கடுவையில் முருகைப்பார் அலையின் வேகத்தைத் தணித்தது. அதற்குச் சில கிலோமீற்றர் வடக்கே, பார் சிதைக்கப்பட்டிருந்த பெரேலியவில் அலை ஒரு கிலோமீற்றருக்கு மேல் உட்புகுந்தது. அங்கு புகையிரதமொன்றில் மட்டும் மாண்டவர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வை 1988ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தடை செய்தமை சரியே. ஆயின் அச்சுண்ணாம்பு எங்கே சென்றது? சூளைக்காரன் அதனைத் தன் குடிசைக்குப் பூசி முடித்துவிடவில்லை. நாட்டின் கட்டட வேலைகளே அதனை விழுங்கின. வாங்கியவனைச் சட்டம் தேடிச் செல்லவில்லை.

பேரலைக்குப் பின் 2005இல் விதிக்கப்பட்ட எல்லை இதனினும் தெளிவான சான்று. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். இதற்குள் வீடு கட்டலாகாது என்றனர். வள்ளத்தையும் வலையையும் கரையில் விட்டு உள்ளே குடிபெயருமாறு மீனவன் பணிக்கப்பட்டான். உல்லாசப் பிரயாண விடுதிகளுக்கோ விதிவிலக்கு! விருந்தினர் யார், வலைஞர் யார் என்று அலைக்கு அடையாளம் தெரியும் போலும். அவ்வாண்டு முடிவதற்குள் எல்லையும் தளர்த்தப்பட்டது.

ஏழையின் கைபடாமலும் கரை அழியும் என்பதற்கு ஒலுவில் சாட்சி. அம்பாறை மாவட்டத்தில் 2013இல் திறந்து வைக்கப்பட்ட அத்துறைமுகத்தின் அலைதடுப்பு அணைகள், தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கரையோரமாய் நகரும் மணலை மறித்தன. மறிபட்ட மணல் தெற்கே மேடாயிற்று. மணல்வரத்து அற்ற வடகரையைக் கடல் அரித்தது. தென்னைகள் சாய்ந்தன, கரைவலை இழுக்கும் இடங்கள் மறைந்தன, அரிப்பு நிந்தவூர்வரை சென்றது. துறைமுகமேனும் பயன்பட்டதா? அதன் வாயிலையும் மணல் அடைத்தது. படகுகள் சென்றுவர இயலாத நிலை தோன்றிற்று. இயற்கையைப் பலியிட்டுப் பொருளாதாரத்தைப் பெற்றோம் என்றுகூட இங்கு கூறமுடியாது. இரண்டும் ஒருசேரப் போயின.

மணல் எப்பருவத்தில் எத்திசை நகரும் என்பது கரைவலை இழுப்போர் நாள்தோறும் காலால் அறியும் செய்தி. அணைக்கும் விடுதிக்கும் அனுமதி வழங்கப்படும் மேசையில் அவர்களுக்கும் ஓர் ஆசனம் வேண்டும்; அதுவும் ஆலோசனை கூறிவிட்டு எழுந்து செல்வதற்கன்று, வேண்டாமென மறுக்கும் அதிகாரத்தோடு.