முகமன் இல்லாத முகப்பு

மலைநாட்டுக் கிறிஸ்தவ ஆலயங்கள் சில இந்நாளில் இணையத்தளம் அமைத்துள்ளன. போற்றற்குரிய முயற்சியே. ஆயின், அவற்றை அமைத்தோர் யாரை மனத்திற்கொண்டு அமைத்தனர் என்பதுதான் விளங்கவில்லை. யான் பார்த்தவற்றுட் பல ஆங்கிலத்திலே தொடங்குகின்றன; கட்டடத்தின் வயதைக் கூறுகின்றன; பனி மூடிய கோபுரத்தின் படத்தைக் காட்டுகின்றன. தமிழ் வழிபாடு எத்தனை மணிக்கு என்று தேடுபவர் பக்கம் பக்கமாய்ப் புரட்டிக் களைக்க வேண்டியிருக்கிறது.

பழமை பேசுவதை யான் குறைகூறவில்லை. நுவரெலியாவின் பரிசுத்த திரித்துவ ஆலயம் 1852ஆம் ஆண்டினது. டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கி நிற்கும் வோர்லி கிறிஸ்து ஆலயம் 1878இல் எழுந்தது. உல்லாசப் பயணிகள் இவற்றின் வரலாற்றை விரும்பிப் படிப்பர், படிக்கட்டும். லயத்திலிருந்து இறங்கி வருவோருக்கு வேண்டுவது வேறு.

புதியவர் என்போர் யாவர்? இடமாற்றம் பெற்று வந்த ஆசிரியர் ஒருவராக இருக்கலாம்; வேற்றுத் தோட்டத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மருமகளாக இருக்கலாம். ஆனால், தொகையில் மிக்கவர் அயல்வீட்டு இந்துக்களே என்பது எமது துணிபு. ஒரே லயத்தில், இடையே ஒரு சுவர் மாத்திரமாக வாழ்கின்றவர்கள், அடுத்த காம்பிராவின் திருமணத்துக்கும் துக்கத்துக்கும் ஆலயம் போகாதிருத்தல் இயலுமா? போன பின்னரே தத்தளிப்பு. செருப்பை வெளியே விடுவதா? எப்பக்கம் அமர்வது? நற்கருணை வேளையில் எல்லாரும் எழுந்து வரிசையாய்ச் செல்லும்போது தாமும் எழுவதா, இருப்பதா? யான் கிறிஸ்தவனல்லன், ஆகவே இத்தத்தளிப்பைக் கேட்டறிந்து எழுதவில்லை. காணிக்கைத் தட்டு அருகே வரும்போது, நாட்கூலியில் வாழும் தாயொருத்தி முந்தானை முடிச்சைத் தடவிப் பார்க்கும் பார்வை யாவற்றினும் கொடிது.

இனிச் சொற்களை நோக்குவோம். முன்னாளிற் பூசை என்றதைக் கத்தோலிக்கர் இன்று திருப்பலி என்கின்றனர். சீர்திருத்தச் சபையார் திருவிருந்து ஆராதனை என்கின்றனர். ஒருசாரார்க்கு விவிலியம், மறுசாரார்க்கு வேதாகமம். 1995இல் இருசாராரும் கூடி வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பின் பின்னரும் இவ்வழக்குகள் மாறிவிடவில்லை, மாறவும் வேண்டா. 1578இற் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ தொட்டு வளர்ந்த சொல்வளம் அது. உள்ளே எவ்வளவும் வழங்கட்டும். வாசலில் நிற்பவர்க்கு மாத்திரம் ஒரு வரி உரை வேண்டும். யாழ்ப்பாணத்திற் பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது உடனிருந்து உழைத்தவர், சைவங் காத்த ஆறுமுக நாவலர் அல்லரோ? புறத்தார் செவியின் பயனை அன்றைய பாதிரியார் அறிந்திருந்தார்.

இக்காலத்துச் சிலர், ஆங்கிலத்தை எழுதிவிட்டால் தமிழைப் பொறியே பெயர்த்துக்கொள்ளும் என்கின்றனர். பெயர்க்கும், ‘ஞாயிறு சேவை 8 மணி’ என்றும் பெயர்க்கக்கூடும். அட்டனில் அதனைப் படிப்பவர் பேருந்துத் தரிப்பிடத்துக்கன்றோ போவார்!

“தோட்டத்தார் இணையம் பார்ப்பார்களா?” என்று வினவுவோரும் உளர். கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று அரிது. தொடர்பு நலிந்த மலைச்சரிவில் பாரமான படங்கள் திறப்பதற்குள் தரவுப் பணம் தீர்ந்துவிடும் என்பதே மெய்யான இடர். படத்தைக் குறைத்து எழுத்தை முன்வைத்தால் அது தீரும்.

இத்துணை சிறிய விடயத்துக்கு இத்துணை வாதமா எனலாம். இம்மக்களை நாடி 1854இல் தொடங்கிய திருப்பணிக்குத் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்று பெயரிட்டனர். அழைத்த வாயே இழிபெயரும் சொல்லிற்று. 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் அதற்காகக் காத்திருந்தோரும் இவர்களுள் உளர். படிவம் புரியாமல் அலுவலக வாசலில் நின்ற பரம்பரைக்கு, புரியாத எழுத்து என்றால் “உனக்கன்று” என்றே பொருள். ஆலயத்தின் முகப்பும் அதனையே சொல்லலாமா?

முகப்புப் பக்கத்தில் முதற்கண் இவ்வளவு இருந்தாற் போதும்: “எம்மதத்தவரும் வரலாம். ஞாயிறு காலை 8 மணிக்குத் தமிழில் வழிபாடு. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நடைபெறும். அட்டனிலிருந்து வருவோர் இன்ன சந்தியில் இறங்குங்கள். விரும்பிய இடத்தில் அமரலாம். மற்றவர்கள் அப்பம் பெற எழும்போது நீங்கள் இருந்தபடியே இருக்கலாம். காணிக்கை இட வேண்டியதில்லை. குழந்தை அழுதாற் கூச வேண்டா. ஐயமிருப்பின் இந்த எண்ணில் அழையுங்கள், தமிழிற் பேசுவோம்.” செருப்பைப் பற்றிய வரியை அவ்வவ்வாலய வழக்கப்படி சேர்த்துக்கொள்க.

இதனை எழுதப் பண்டிதர் வேண்டா. உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எழுதி, கொழுந்து பறித்து ஓய்ந்த பாட்டி ஒருத்திக்கு உரக்கப் படித்துக் காட்டி, அவள் “என்னது?” என்று கேட்குமிடத்தில் திருத்தினாற் போதும்.