பிரேக் ஆயில்: எந்த வண்டிக்கு எது?

கேள்வி: தக்காளி ஏற்றும் சிறிய சரக்கு வண்டியில் பிரேக் ஆயில் குறைந்துவிட்டது. கடையில் டாட் 3, டாட் 4 என இரண்டு வகை உள்ளன. எதை ஊற்றலாம்? வீட்டில் இருக்கும் டிராக்டர் ஆயிலை ஊற்றினால் ஆகாதா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: டிராக்டர் ஆயிலை ஒரு சொட்டுகூட ஊற்றக்கூடாது. பெயர்தான் ஆயில்; டாட் 3, டாட் 4 இரண்டும் எண்ணெய் அல்ல, கிளைக்கால் வகைத் திரவங்கள். எண்ணெய் கலந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டு, பிரேக் வேலை செய்யாமல் போகும்.

எண் கூடினால் சூடு தாங்கும் திறனும் கூடும். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரையும், டாட் 4 230 டிகிரி வரையும் கொதிக்காது. ஆனால் இவை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் 3.7 சதவீதம் ஏறிவிட்டால் இந்த அளவு முறையே 140, 155 டிகிரியாக இறங்கிவிடும்.

தருமபுரியிலிருந்து சேலத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்வோர் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இதை மறக்கக்கூடாது. பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடேறி, பழைய திரவம் கொதித்து ஆவியாகும். திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். அதனால் மிதி தரையைத் தொட்டாலும் வண்டி நிற்காது. இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, கீழ் கியரில் இறங்க வேண்டும். நியூட்ரலில் இறங்கவே கூடாது.

கவனிக்க வேண்டியவை:

1. திரவத் தொட்டியின் மூடியில் எழுதியுள்ள வகையையே வாங்கவும். டாட் 3 கேட்கும் வண்டிக்கு டாட் 4 ஊற்றலாம். டாட் 4 கேட்கும் வண்டிக்கு டாட் 3 கூடாது.

2. டாட் 5 சிலிக்கான் வகை, மற்றவற்றுடன் கலக்கக்கூடாது. டாட் 5.1 வேறு, அது கிளைக்கால் வகையே.

3. வண்டிக் கையேட்டில் வேறு கெடு சொல்லாவிட்டால், 2 ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றவும். திறந்து நாளான டப்பாவில் மீதமிருப்பதை ஊற்ற வேண்டாம்.

4. அளவு குறைந்தால் ஊற்றிவிட்டு விட்டுவிடக்கூடாது. பிரேக் கட்டை தேய்ந்திருக்கலாம், எங்காவது கசியலாம். மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே சரக்கு ஏற்றவும்.

5. பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவவும்.

டிராக்டரின் கதை வேறு. பல டிராக்டர்களில் பிரேக் தகடுகள் ஆயிலில் மூழ்கியே இருக்கும். அதற்குக் கையேட்டில் சொல்லியுள்ள ஆயில்தான் சரி. அங்கே டாட் திரவத்தை ஊற்றக்கூடாது. இரண்டு டப்பாக்களையும் பெயர் எழுதித் தனித்தனியே வைப்பது நல்லது.