இத்தாலியம் போதுமா?

உரோமையில் இத்தாலியம் கற்றால் இலத்தீன் தானே வந்துவிடும், குருமடத்தில் தனிப்பாடம் எதற்கு என வாதிடுவோர் உளர். நாம் இதை ஏற்பதற்கில்லை. 'பானே' அறிந்தவர் 'பானிஸ்' அப்பமென ஊகிப்பார். அவ்வளவு உதவியை மறுக்கவில்லை. ஆனால் 'ஆஞ்ஞுஸ் தேயி' என்பதில் 'தேயி' என்றால் 'இறைவனின்'. இத்தாலியத்தில் அதே எழுத்துகள் 'தெய்வங்கள்' என்றாகும்! ஒரே கடவுளை அறிக்கையிடுவோர்க்கு இது சிறு பிழையா? தமிழைப்போலவே இலத்தீனிலும் பெயரின் ஈறே வேற்றுமையைக் காட்டுகிறது. இத்தாலியப் பெயர்ச்சொற்களோ அவ்வீறுகளை இழந்துவிட்டன. வேற்றுமை உருபுகளைப் பள்ளியிலேயே பயின்ற நம் மாணவர்க்கு இவ்விலக்கணம் அத்துணை அந்நியமுமன்று. 2013 பிப்ரவரி 11 அன்று திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் தம் பணிதுறப்பை இலத்தீனில் அறிவித்தார். அதனை முதலில் உலகுக்குத் தந்த இத்தாலியச் செய்தியாளருக்குக் கைகொடுத்தது, அவர் தனியே கற்றிருந்த இலத்தீனே.